கட்டைவிரலின் முதுகு

ஆபரேஷன் தியேட்டரில் உங்களுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், கை பிடிக்கிற வேலை என்றுதான் நான் சொல்வேன். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கல்யாணத்தில் ஒரே ஒரு கையைத்தான் பிடித்தேன். அதற்கு முன்னும் பின்னும் பிடித்ததெல்லாம் தியேட்டரில்தான்.

டாக்டர் அறுக்கப்போகிற கையை, மருந்து தடவி முடிக்கும்வரை ஒருவன் தூக்கிப் பிடிக்க வேண்டும். அது ஒரு கை. அறுக்கும்போது நோயாளி விழித்திருந்தால், திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவருடைய மற்றொரு கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது இன்னொரு கை. முதல் கையில் எடை தெரியும். இரண்டாவது கையில் மனிதன் தெரிவான். உங்களில் பாதிப் பேர் இந்த இரண்டாவது கையை விட்டுவிட்டுப் போனைப் பார்க்கிறீர்கள். திட்டவில்லை. ஆனால் அந்தக் கையைப் பிடித்திருந்ததால் ஒரு நாள் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் சாந்திபுரத்துக்காரன். எங்கள் நைனாவுக்கு நிலம் கிடையாது, பிறத்தியார் மாட்டை ஓட்டிக்கொண்டு போவார். பள்ளிக்கூடத்தை மாடு மேய்கிற வழியில் பார்த்ததோடு சரி. சித்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் தண்ணீர் தூக்கப் போனேன். தண்ணீர் தூக்கினவனை ஸ்ட்ரெச்சர் தூக்கச் சொன்னார்கள், ஸ்ட்ரெச்சர் தூக்கினவனைக் கை தூக்கச் சொன்னார்கள். அப்படியே வேலை கற்றுக்கொண்டேன்.

அங்கே ஒரு பெரிய சிஸ்டர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நகரிப் பக்கம், தறிக்காரர் வீட்டுப் பெண். நாக்கு ஊசி மாதிரி இருக்கும். நான் சேர்ந்த புதிதில் ஒரு கிழவர் வந்து, "நரம்பு நோவுதும்மா" என்றார். நான் உள்ளே ஓடிப்போய், "சிஸ்டர், நரம்பு கேஸ் வந்துகீது" என்றேன்.

"எந்த நரம்புடா?"

"நரம்புதான் சிஸ்டர்."

"டேய், ஒனக்கு ரத்தம் ஓடுறதும் நரம்பு, வெரல இஸ்துப் புடிக்கிற கயிறும் நரம்பு, சுருக்குனு சேதி சொல்ற கம்பியும் நரம்பு. மூணுக்கும் ஒரே பேரு வெச்சிக்கினு கீறோம் நாம. தெலுங்குக்காரன கேட்டா அவனும் நரம்னுதான் சொல்றான். டாக்டரு எத்த அறுப்பாரு, எத்த வுடுவாரு?"

நான் முழித்தேன்.

"போய்க் கேளு. துடிக்குதா, இழுக்குதா, ஜிவ்வுங்குதா? துடிச்சா ரத்தம். இழுத்தா கயிறு. ஜிவ்வுன்னா கம்பி. இந்த மூணு வார்த்தய வெச்சிக்கோ, பொழச்சிப்பே."

பிழைத்துக்கொண்டேன். உங்களுக்கெல்லாம் இங்கிலீஷில் தனித்தனிப் பெயர் தெரியும். நோயாளிக்குத் தெரியாது. அவர் நரம்பு என்றுதான் சொல்வார். கேட்க வேண்டியது நாம்தான்.

சித்தூரிலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்கு நான் மாறினபோது ஊரே இடம் மாறிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் படித்தவர்கள் பெங்களூருக்கு பஸ் ஏறினார்கள். படிக்காதவர்கள் குவைத்துக்குப் போனார்கள். பலமனேரில் தக்காளிக்கூடை ஏற்றும் லாரியிலேயே தொற்றிக்கொண்டு போய்க் கட்டிட வேலைக்குச் சேர்ந்த என் மச்சினன், அடுத்த முறை செல்போனோடு வந்தான். கூப்பிட்டால் எடுக்க மாட்டான், காசு போகும் என்று. எல்லோரும் போய்க்கொண்டிருந்த அந்த நாளில் ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். அவர்தான் எங்கள் சின்ன டாக்டர்.

வெளிநாட்டில் கை ஆபரேஷன் மட்டும் தனியாகப் படித்துவிட்டு வந்தவர். சித்தூர்க்காரர், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். மணிக்கட்டில் சின்னதாக இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் மெல்லிய கேமராக் குழாயை விட்டு, டி.வி.யில் பார்த்துக்கொண்டே மற்றதன் வழியாக வேலை செய்யக் கற்றிருந்தார். பெரிய வெட்டு இல்லை, கை சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் மிஷின் எங்களிடம் இல்லை. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆள், 'போட்டுப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள்' என்று ஒரு நாளைக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு.

அந்த ஒரு நாளைக்கு வந்த நோயாளிதான் முனிரத்தினம்.

பாகாலாக்காரர். திருமலைமேல் பக்தர்களுக்கு மொட்டை போடுகிறவர். விடிந்ததிலிருந்து தலை தலையாகக் கத்தி பிடித்துப் பிடித்து, வலது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் புளியங்கொட்டை போல வீங்கிவிட்டது. கட்டைவிரலை இழுக்கிற கயிறுகள் ஓடும் உறை அங்கே இறுகிக்கிடந்தது. அந்த உறையைக் கீறிவிட்டால் கயிறு தாராளமாக ஓடும். ஆபரேஷன் அவ்வளவுதான்.

பயம் வேறு இடத்தில் இருந்தது. அந்த உறைக்கு மேலேயே, தோலுக்குச் சற்றுக் கீழே, சிஸ்டர் சொன்ன கம்பி ஒன்று ஓடுகிறது. நூல் கனம்தான். கட்டைவிரலின் முதுகுக்கு உணர்வு கொடுப்பது அது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் தள்ளி ஓடும். பெரிதாகத் திறந்தால் கண்ணால் பார்த்து ஒதுக்கலாம். ஓட்டை போட்டுப் போகும்போது, குழாய் உள்ளே போன பிறகுதான் கண் கிடைக்கும். ஓட்டை போடுகிற அந்த நொடியில் கண் கிடையாது. அந்த நொடியில் கம்பி மாட்டினால் விரல் முதுகு மரத்துப்போகும், இல்லையென்றால் சட்டை பட்டாலே நெருப்புப் பட்டதுபோல் எரியும்.

"விரலின் முதுகுதானே, போனால் போகட்டும்" என்று நானும் நினைத்திருப்பேன். முந்தின நாள் எக்ஸ்ரேவுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது முனிரத்தினம் என்னிடம் பேசிக்கொண்டே வந்தார்.

"அண்ணா, எனுக்கு வெரலோட வயித்துல ஒணர்வே கெடியாது. கத்தி புடிச்சி காச்சிப்போச்சி. எல்லாம் முதுவுதான்."

"முதுவா?"

"கட்டவெரலு முதுவு. மழிச்சதும் இப்டித் தடவுவேன்." என் தலையிலேயே செய்து காட்டினார். "ஒரு முடி நின்னாலும் சொல்லிடும். பெரியவங்களுக்கு அது பெரிசில்ல. கொழந்திங்களுக்குத்தான். உச்சிக்குழி இன்னும் மூடியிருக்காது பாரு, அங்க கத்தி வெக்கறதுக்கு மின்னாடி முதுவால தொட்டுப் பாப்பேன். குழி எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு. தெரிஞ்சப்புறந்தான் கத்தி."

எக்ஸ்ரே அறை வாசலில் உட்கார்ந்த பிறகு சொன்னார்:

"எம்புள்ள குவைத்துல கீறான். லீவுல வந்துகீறான். அவன் பொண்ணுக்கு இன்னும் ஒரு வயசு ஆவல. மொத மொட்டை. பாட்டன் நான் இருக்க, வேற எவன் கைல குடுப்பேன்? அவன் ஏறிப் போறதுக்குள்ள நான் போட்ணும். போய்ட்டான்னா மறுபடி எப்ப வருவானோ, பாப்பா தலயில குழியே மூடிக்கும்."

அதனால்தான் ஓட்டை ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டிருந்தார். பெரிய வெட்டு ஆறுவதற்குள் பிள்ளை விமானம் ஏறிவிடுவான்.

காலையில் சின்ன டாக்டர் வார்டுக்கே வந்தார். கை மரக்க ஊசி போட்ட பிறகு கம்பி எங்கே என்று நோயாளியால் சொல்ல முடியாது, அதனால் முன்னாலேயே குறிக்க வேண்டும். கட்டைவிரலைத் தூக்கச் சொல்லி, மணிக்கட்டில் தன் விரலை மெதுவாக உருட்டினார்.

"இக்கட?"

"இல்ல சார்."

"இங்க?"

"அய்யோ! ஜிவ்வுங்குது சார்! கட்டவெரலு வரிக்கும் ஓடுது!"

அந்த வழியெல்லாம் ஊதாப் பேனாவால் புள்ளி வைத்தார். ஓட்டை போட வேண்டிய இரண்டு இடத்தில், புள்ளிக்குத் தள்ளி, பெருக்கல் குறி போட்டார். "இதை யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களிடம் சொன்னார். அப்போது முனிரத்தினத்தின் சம்சாரம் கன்னியம்மா குளிக்கப் போயிருந்தார்.

நான் வந்து முனிரத்தினத்தைத் தியேட்டருக்கு அழைத்துப் போகும்போது மணிக்கட்டில் மஞ்சள் துணி முடிச்சு கட்டியிருந்தது. ஏழுமலையானுக்கு முடிந்துவைத்த காசு. இந்தப் பக்கத்தில் எந்த ஆபரேஷனுக்கும் முடிச்சு இல்லாமல் யாரும் வருவதில்லை. அவிழ்த்து அவர் இடுப்பில் செருகிவிட்டோம். கீழே குறிகள் இருந்தன. புள்ளியும் இருந்தது, பெருக்கலும் இருந்தது. மயக்க டாக்டரம்மா அக்குளில் ஊசி போட்டார், கை மரத்தது. நான் கையைத் தூக்கிப் பிடித்தேன், பழுப்பு மருந்து தடவினார்கள். ரத்தத்தை வழித்துவிட்டு மேல் கையில் காற்றுப் பட்டையை இறுக்கினார்கள். கை வெளுத்து, தெரிந்துகொண்டிருந்த பச்சை நாளமெல்லாம் மறைந்துபோனது. நான் திரைக்கு இந்தப் பக்கம் வந்து இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கை சில்லென்று இருந்தது. பேச்சுக் கொடுத்தேன். பேச்சுக் கொடுப்பதும் வேலைதான், பிள்ளைகளா.

"ஊட்டுக்காரம்மா வாசல்லயே கீறாங்க. பயப்படாதீங்க."

"அவளா? அவளுக்கு இன்னா பயம். அவ போட்ட கோலத்துமேலதான் சாரு இப்ப கத்தி வெக்கப்போறாரு." சிரித்தார்.

"கோலமா?"

"கையில கீதே. சாரு போட்டத அவ அழிச்சிட்டா. சாமிக்கு முடிச்சி கட்டறப்ப கை சுத்தமா இருக்கணும்னு தேங்கா எண்ண தொட்டுத் தொடச்சிட்டா. நான் கத்தினேன். அதே பேனா மேசமேல இருந்துச்சி, எட்து அதே மாரி போட்டுட்டா. கோலம் போடற கை அண்ணா, அச்சா இருக்கும்."

திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர், "நைஃப்" என்று சொல்வது கேட்டது.

எனக்குக் கம்பியைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: அந்தக் குறியைப் போட்டவர் வேறு ஆள்.

"சார், இருங்க!"

தியேட்டரில் நான் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. எல்லாரும் நின்றுவிட்டார்கள். "சார், அது உங்க குறி இல்ல. அந்தம்மா அழிச்சிட்டு மறுபடி போட்டிருக்காங்க."

டாக்டர் கத்தியைத் தட்டில் வைத்தார். குனிந்து மணிக்கட்டைப் பார்த்தார். அவர் வைத்தது தனித்தனிப் புள்ளி. இதில் கடைசி மூன்று புள்ளிகள் லேசாக, அழகாக வளைந்து, ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. மருந்துப் பழுப்பில் யார் கண்ணுக்கும் அது உறைத்திருக்காது.

கம்பெனி ஆள் மிஷின் பக்கத்தில் நின்றிருந்தார். நல்ல பிள்ளைதான், வேலை அவசரம். "சார், புத்தகத்துல போட்டிருக்கிற இடம் இருக்கே, அதுல அளந்து போட்டுடலாமே? மெஷினோட நான் சாயந்திரம் சென்னை திரும்பணும். நாளைக்கு வேற ஊர்ல டெமோ."

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். மிஷினுக்காக டாக்டர் எத்தனை பேரிடம் கெஞ்சியிருந்தார் என்று எனக்குத் தெரியும். பட்டை இறுக்கியாயிற்று, கை தயார், டி.வி. ஓடுகிறது. கையை வைத்தால் வேலை முடிந்துவிடும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அளந்த இடம் சரியாகவே இருக்கலாம். அவர் என்னைப் பார்க்கவில்லை, கம்பெனி ஆளைப் பார்க்கவில்லை. மரத்துப்போன அந்த வெள்ளைக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காத்து விடுங்க" என்றார்.

பட்டையின் காற்று 'புஸ்' என்று இறங்கியது. கையில் ரத்தம் ஏறி, சிவந்து, நாளங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. திரையை ஒதுக்கிவிட்டு, முனிரத்தினத்தின் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

"முனிரத்தினம், மூணு வழி இருக்குது. ஒண்ணு, இப்பவே பெருசா தொறந்து, கம்பியக் கண்ணால பாத்து ஒதுக்கி முடிச்சுடலாம். ஆபத்து கம்மி. ஆனா ஆற நாளாகும், மொட்டைக்கு முடியாது. ரெண்டு, இன்னொரு நாள் வாங்க. மெஷின் எப்ப வரும்னு எனக்கே தெரியாது. மூணு, இந்த ஊசி வேலை தீர்ற வரைக்கும் காத்திருந்து, உணர்வு வந்ததும் மறுபடி நீங்களே சொல்லிக் குறிச்சு, தோலுக்கு மட்டும் ஊசி போட்டுப் பண்ணலாம். பட்டை இறுக்கும்போது வலிக்கும். தாங்கணும். என்ன சொல்றீங்க, ஏமண்டாரு?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். என் கையை அமுக்கினார். "சார், ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சிக்காதீங்க. இப்ப அளந்து போட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். உங்க கட்டைவிரல் முதுகு போயிருந்தாலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

'எனக்குத் தெரியாது' என்று தியேட்டருக்குள் ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது குறைவு. முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார்.

"காத்துக்கினு இருக்கலாம் சார். அழுவற கொழந்த அடங்கற வரிக்கும் கத்தியோட ஒக்காந்துகினு இருக்கறதுதான் என் தொழிலே."

கம்பெனி ஆள் வெளியே போய்ப் போனில் யாரிடமோ இங்கிலீஷில் மன்றாடினார். பக்கத்து அறையில் முனிரத்தினத்தைப் படுக்கவைத்தோம். கன்னியம்மாவை அழைத்துவந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அந்தம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

"சாமி கயிறு கட்டறதுக்குத்தான் சார் தொடச்சேன். பேனா கிறுக்கலாச்சேன்னு... அப்பறம் இவரு கத்தினாரா, பயந்துபோயி அதே மாரி போட்டேன். புள்ளி வெச்சி வுட்டுகீறாரே, முடிக்காம போய்ட்டாருன்னு கடசில கொஞ்சம் சேத்தும் வுட்டேன் சார்."

மயக்க டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன டாக்டர் சிரிக்காமல்தான் சொன்னார்:

"உங்க கோலத்துல தப்பே இல்லம்மா. நரம்புக்குத்தான் கோலம் தெரியல."

முனிரத்தினம் படுத்தபடியே, "இருபத்தஞ்சி வருசமா என்ன அழிச்சி அழிச்சிதான் வரஞ்சிகினு கீறா சார் இவ" என்றார். அழுகையோடு அந்தம்மா அவர் முழங்கையில் ஒன்று வைத்தார். "வலிக்கல" என்றார். "அது மரத்த பக்கம்" என்றேன் நான்.

டாக்டர் எங்கேயும் போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தக் கட்டிலருகிலேயே உட்கார்ந்தார். அவ்வப்போது கட்டைவிரலின் முதுகை ஒரு பஞ்சால் தொடுவார். "தெரியுதா?" "இல்ல சார்." டீ வந்தது, ஆறிப்போனது. முனிரத்தினம் மலைக்கதை சொன்னார்: மொட்டைக்கு உட்கார்ந்து பாதியில் எழுந்து ஓடிப்போன மாப்பிள்ளை, தூங்கியபடியே மொட்டையாகி எழுந்து கண்ணாடி கேட்ட பெரியவர். கம்பெனி ஆள் வாசலில் வந்து நின்று கேட்க ஆரம்பித்து, பிறகு உள்ளே வந்து, பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். "சாயந்திர பஸ் போனா போகட்டும் சார், காலைல போய்க்கிறேன்" என்று அவராகவே சொன்னார்.

மறுபடி பஞ்சு தொட்டது. முனிரத்தினம் பேச்சை நிறுத்தினார்.

"சார்... எறும்பு ஊர்றாப்ல கீது."

இன்னும் கொஞ்சம் பொறுத்தோம். பிறகு டாக்டர் எல்லாக் குறியையும் சுத்தமாக அழித்துவிட்டுத் தன் விரலை உருட்டினார். இந்த முறை கன்னியம்மா பக்கத்திலேயே நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"இழுக்குதா?"

"இல்ல."

"துடிக்குதா?"

"இல்ல சார்."

அப்புறம் விரல் இன்னும் ஒரு நெல் அளவு நகர்ந்தது. முனிரத்தினம் கட்டிலில் துள்ளினார். "ஜிவ்வு! ஜிவ்வு! அங்கதான்!"

துடிக்குதா, இழுக்குதா என்று டாக்டர் கேட்டதும் நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பாடத்தை யாரிடம் கற்றார் என்று பிறகு விசாரித்தேன். படிக்கிற காலத்தில் எங்கள் சித்தூர் நர்சிங் ஹோமில் சில மாதம் இருந்தாராம். பெரிய சிஸ்டரிடம் அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்!

டாக்டர் புள்ளி வைத்தார். கன்னியம்மாவின் கோலத்தில் பெருக்கல் இருந்த இடத்துக்கு நேர் அடியிலேயே அந்தக் கம்பி ஓடிக்கொண்டிருந்தது. அந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தியேட்டருக்குத் திரும்பப் போனோம். மறுபடி கை தூக்கினேன், மறுபடி மருந்து. பட்டை இறுகியபோது முனிரத்தினம் பல்லைக் கடித்தார். இடது கையில் நான் இருந்தேன். அவர் பிடித்த பிடியில் என் மோதிரம் சதையில் பதிந்தது. ஒரு தரம்கூட, விடுங்கள் என்று சொல்லவில்லை, இரண்டு பேருமே.

சின்ன டாக்டர் கத்தியால் தோலை மட்டும் கீறினார். தோல், அவ்வளவுதான். கத்தியை உடனே கொடுத்துவிட்டார். மொட்டை நுனிக் கருவியை உள்ளே விட்டு, கையின் நீளவாக்கிலேயே மெல்ல மெல்ல விரித்தார். குறுக்கே ஒருபோதும் விரிக்கவில்லை. "அண்ணா, எழுந்து வந்து பாருங்க" என்றார். எட்டிப் பார்த்தேன். அந்தச் சின்னக் கீறலின் ஓரத்தில் வெள்ளையாக, ஈரமாக ஒரு நூல் கிடந்தது. தனக்கு என்ன நடந்திருக்கும் என்று தெரியாத குழந்தைபோல் கிடந்தது. அதைத் தொடாமல் ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, பிறகுதான் குழாய். பிறகுதான் டி.வி. உள்ளே உறை கீறப்பட்டு, கட்டைவிரலின் கயிறுகள் மேலும் கீழும் வழுக்கி ஓடியதை எல்லோரும் பார்த்தோம். கம்பெனி ஆள்தான் முதலில் கை தட்டினார்.

முடிந்ததும் டாக்டர் பஞ்சை எடுத்தார். இன்னும் கட்டுக்கூடப் போடவில்லை.

"தெரியுதா?"

"தெரியுது சார்," என்றார் முனிரத்தினம். "நல்லா தெரியுது."

தையல் பிரிக்கிற நாளன்று அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. டாக்டர் ஒவ்வொரு காலையும் என்னிடம், "அந்த மொட்டைக்காரர் வந்தாரா அண்ணா?" என்று கேட்டார். சீழ் வைத்துவிட்டதோ, எரிச்சல் வந்துவிட்டதோ, சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாரோ. என்னதான் நல்லபடியாகச் செய்திருந்தாலும், திரும்பி வராத நோயாளி டாக்டரின் மனதில் உட்கார்ந்துகொண்டே இருப்பார். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் முகம் கடுகடுவென்று இருக்கும் நாளில் காரணம் நீங்களாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் வெளிநோயாளிகள் கூட்டத்தில் சந்தன வாசனை வந்தது. திரும்பினேன். முனிரத்தினம், கன்னியம்மா, குவைத்துப் பிள்ளை, மருமகள். மருமகள் இடுப்பில் பாப்பா. தலை முழுக்கச் சந்தனம் பூசி, பிதுங்கின கன்னத்தோடு எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் அறைக்குள் அழைத்துப் போனேன். டாக்டர் முதலில் பார்த்தது மணிக்கட்டைத்தான். இரண்டு சின்னத் தழும்பு. பாகாலாவிலேயே கம்பவுண்டரிடம் தையலைப் பிரித்துக்கொண்டாராம், மொட்டைக்கு நாள் பார்த்துவிட்டதால்.

"ஏன் சொல்லல? நான் பயந்துட்டேன்" என்றார் டாக்டர்.

"மொட்டை போடாம ஒங்க மூஞ்சில முழிக்கக்கூடாதுன்னு இருந்தேன் சார்." முனிரத்தினம் பாப்பாவை வாங்கினார். "சார், கைய குடுங்க."

டாக்டர் உள்ளங்கையை நீட்டினார்.

"அது இல்ல. கட்டவெரலு. முதுவு."

டாக்டரின் கட்டைவிரலைப் பிடித்து மடக்கி, அதன் முதுகைச் சந்தனத் தலையின் உச்சியில் மெதுவாக வைத்தார். பாப்பா அசையவில்லை. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே டோக்கன் நம்பரைத் தெலுங்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இழுக்குதா சார்?" என்றார் முனிரத்தினம்.

டாக்டர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"ஜிவ்வுங்குதா?"

இல்லை.

"இன்னா பண்ணுது சொல்லுங்க."

டாக்டர் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: "துடிக்குது."